எண் கடலில் முத்தெடுத்த பிள்ளை

தூத்துக்குடிக் கடலில் முத்துச் சலாபம் நடந்த காலம் ஒன்று உண்டு. எடுத்த முத்துக்களைத் துளையிட்ட பித்தளைத் தட்டுகளில் சலிப்பார்கள். பெரியது, சிறியது என்று பிரிப்பார்கள். மஞ்சாடிக் கணக்கில் நிறுப்பார்கள். எடையை அதே எடையால் பெருக்கி மதிப்புப் போடுவார்கள்.

முத்தை நிறுப்பதுபோல் எண்களை நிறுத்துப் பார்த்தார் ஒரு தமிழர். அவர்தான் கணித மேதை எஸ்.எஸ்.பிள்ளை. முழுப்பெயர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை.

தாயில்லாப் பிள்ளை

அவர் பிறந்தது 1901 ஏப்ரல் 5-ந் தேதி. ஒரு வயதில் தாயை இழந்தார். பள்ளிப் படிப்பு முடியும் ஆண்டில் தந்தையும் காலமானார்.

படிப்பு அதோடு நின்றிருக்கும். ஓர் ஆசிரியர் கை கொடுத்தார். நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியிலும், பிறகு திருவனந்தபுரத்திலும் படித்தார். 1927-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவரானார். 1929-ல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். அவர் பெயரை உலகம் அறிந்தது அங்கேதான்.

73 கல் போதும்

அவர் தீர்த்த கணக்கு என்ன?

2 என்ற எண்ணை ஆறு தடவை எழுதிப் பெருக்குங்கள். 64 வரும். 3-ஐ அப்படிப் பெருக்கினால் 729. நான்கைப் பெருக்கினால் 4,096. ஒன்று எப்போதும் ஒன்றுதான்.

இவற்றை எடைக்கற்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் வேண்டிய கல் இருக்கிறது. இப்போது 703 நிறுக்க வேண்டும். 729 கல் உதவாது, அது பெரியது. 64 கல் பத்துப் போட்டால் 640 ஆகும். மீதி 63-க்கு ஒன்று கல் 63 வேண்டும். ஆக மொத்தம் 73 கல்!

சின்ன எண்ணுக்கே 73 கல் என்றால், கோடி கோடிக்கு எத்தனை வேண்டும்?

அதற்கும் 73-க்கு மேல் வேண்டாம்! எவ்வளவு பெரிய எண்ணானாலும் 74-வது கல் தேவைப்படாது. எண்களுக்கு முடிவில்லை, ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்க்க யாராலும் முடியாது. ஆனாலும் இதைச் சந்தேகத்துக்கு இடமின்றி 1940-ல் நிரூபித்துக் காட்டினார் பிள்ளை.

இந்த வகைப் புதிரை 1770-ல் கிளப்பியவர் இங்கிலாந்து நாட்டு வேரிங். அமெரிக்கப் பேராசிரியர் டிக்சனும் பிள்ளையின் காலத்தில் இதே புதிரில் முனைந்திருந்தார். ஆனால் ஆறு தடவைப் பெருக்கத்தின் விடை நம்மவர் கைக்கே கிட்டியது.

ஐந்து தடவைப் பெருக்கத்துக்கு விடை 1964-ல்தான் வந்தது. நான்கு தடவைக்கு 1986-ல் வந்தது. அதைக் கண்ட மூவரில் ஒருவர் இந்தியரான ஆர்.பாலசுப்பிரமணியன்.

பாதியில் முடிந்த பயணம்

1942-ல் பிள்ளை கல்கத்தாப் பல்கலைக்கழகம் சென்றார். 1950-ல் அமெரிக்காவிலிருந்து அழைப்பு வந்தது. ஹார்வர்டில் உலகக் கணித மாநாடு. பிறகு பிரின்ஸ்டனில் ஓராண்டு ஆராய்ச்சி. தாய் தந்தையற்று வளர்ந்த பையனுக்கு எத்தனை பெரிய பெருமை!

விமானம் கெய்ரோவிலிருந்து கிளம்பியது. சிறிது நேரத்தில் எஞ்சினில் தீப்பிடித்துப் பாலைவனத்தில் விழுந்தது. அது 1950 ஆகஸ்டு 31-ந் தேதி. விமானத்தில் இருந்த 55 பேரும் மாண்டனர். பிள்ளைக்கு அப்போது வயது 49.

மாநாட்டுக்கு அவர் போய்ச் சேரவில்லை. அவர் எடுத்த முத்து மட்டும் உலகம் முழுவதும் போய்ச் சேர்ந்துவிட்டது.