பார்த்தே பழகிய ஓவியர்

ராஜா ரவிவர்மா 1848-இல் கேரளத்தின் கிளிமானூரில் பிறந்தார். திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன், எண்ணெய் வண்ணக் கலையை அவருக்குக் கற்றுத் தரவில்லை. தாம் வரைவதைப் பார்க்க மட்டும் அனுமதித்தார். பார்த்தே பழகிய ரவிவர்மா, 1873-இல் வியன்னா கண்காட்சியில் பரிசு பெற்றார்.

மன்னர்களின் உருவப்படங்களால் புகழடைந்தவர், 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கித் தெய்வப் படங்களை மலிவாக அச்சிட்டார். கோயிலுக்குள் அனுமதிக்கப்படாதவர்கள் வீட்டிலும் லட்சுமி குடியேறினாள். கடன் நெருக்கியதால், அச்சகத்தை ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியரிடம் விற்றார். 1906-இல் மறைந்தார்.

அவரது மூல ஓவியங்கள் திருவனந்தபுரத்திலும் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையிலும் உள்ளன. பீடோர் வீடுகளின் நாள்காட்டி லட்சுமியோ, இன்றும் அவர் தந்த சாயலில்தான் தாமரைமேல் நிற்கிறாள்.