உயிர்மொழி கற்ற குரானா

தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் கலந்தொலிக்கும் ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் வாழும் நாம் இருமொழி அறிந்தாரின் அருமையை நன்குணர்வோம். அவர் ஒரு சொல்லைப் பிறழ உரைப்பின் செயலும் பிறழும். உயிரணுவினுள்ளும் இத்தகைய மொழிபெயர்ப்பு இடையறாது நிகழ்கிறது. அதன் அகராதியைத் தொகுத்தவர்களுள் ஒருவர் ஹர் கோவிந்த் குரானா.

இன்று பாகிஸ்தானிலுள்ள முல்தான் பகுதியில், ராய்ப்பூர் என்னும் சிற்றூரில் 1922-இல் பிறந்தார். தந்தையார் கிராமக் கணக்கர். ஏறத்தாழ 100 பேரே வாழ்ந்த அவ்வூரில் எழுத்தறிந்த குடும்பம் அநேகமாக அவர்களுடையது ஒன்றே. மரத்தடியில் கல்வியைத் தொடங்கியவர், லாகூரில் பட்டங்கள் பெற்று, அரசின் உதவித்தொகையால் இங்கிலாந்து சென்று, லிவர்பூலில் 1948-இல் முனைவரானார். 1949-இல் தாயகம் திரும்பியவருக்கு ஏற்ற பணி கிட்டவில்லை. மீண்டும் கடல் கடந்தார். கேம்பிரிட்ஜிலும் வான்கூவரிலும் ஆய்ந்து, 1960-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினை அடைந்தார்.

ஆர்.என்.ஏ. நான்கே எழுத்துகளால் ஆனது. அவ்வெழுத்துகள் ஒழுங்குற அடுக்கிய இழைகளைக் குரானா செயற்கையாக ஆக்கினார். எந்த மூவெழுத்துச் சொல் எந்த அமினோ அமிலத்தைக் குறிக்கும் என்பது அவற்றால் தெளிவுற்றது. 1968-இல் நிரன்பர்க், ஹாலி ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்தார்.

சொல்லைப் படித்து உரிய அமினோ அமிலத்தைக் கொணரும் மொழிபெயர்ப்பாளரே கடத்து ஆர்.என்.ஏ. அலனின் என்னும் அமிலத்தைக் கொணரும் கடத்து ஆர்.என்.ஏ.வுக்குரிய மரபணுவைக் குரானா 1970-இல் முழுமையாக ஆக்கிக் காட்டினார். அதன் நீளம் 77 எழுத்திணைகள்.

கொணர்ந்த சுமை சரியானதா என்று புரதம் கோக்கும் ரைபோசோம் பெரும்பாலும் ஆராய்வதில்லை. சுமையை ஏற்றும் நொதிப் புரதமே ஆளறிந்து ஏற்றுதல் வேண்டும். அலனினை ஏற்றும் நொதி எதைக் கண்டு ஆளறிகிறது? ஈ.கோலை நுண்ணுயிரில் இதனை ஆய்ந்த யா-மிங் ஹோ, பால் ஷிம்மல் ஆகியோர் 1988-இல் விடை கண்டனர். ஜி, யு என்னும் ஒரே ஓர் எழுத்திணையே தலையாய அடையாளம். அதை மாற்றினால் நொதி சுமையேற்ற மறுக்கிறது. வேறொரு கடத்து ஆர்.என்.ஏ.வில் அதைப் பொருத்தினால் அதன்மேலும் அலனினை ஏற்றிவிடுகிறது.

கண்ணுக்குத் தெரியாத நொதி, சிறியதோர் அடையாளம் கொண்டு உரியவரை அறிகிறது. 1949-இல் தம்மிடம் வந்து நின்ற உரியவரை நாடு அறியவில்லை. 1969-இல் பத்ம விபூஷண் வழங்கிச் சிறப்பித்தபோது அவர் அமெரிக்கக் குடிமகனாகியிருந்தார். 2011 நவம்பர் 9-ஆம் நாள் அந்நாட்டிலேயே மறைந்தார்.

நம் வகுப்பின் கடைசி வரிசையிலும் ஒரு குரானா அமர்ந்திருக்கக்கூடும். ஆளறிதல் ஆசிரியரின் கடன்.