கை தட்டிப் பாடிய காழிப் பிள்ளை

நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மலைமேல் போய்ச் சேரும் சாலை அங்கே உண்டு.

வல்வில் ஓரி என்ற வள்ளல் ஆண்ட மலை அது. யாழோடு வந்த பாணர்களுக்கு ஓரி அள்ளி அள்ளிக் கொடுத்தான். அவன் கொடுத்ததில் திளைத்த பாணர்கள் ஆடவும் மறந்தார்கள், பாடவும் மறந்தார்கள். வன்பரணர் என்ற புலவர் புறநானூற்றில் இப்படிச் சொல்கிறார்.

பழந்தமிழ்ப் பண்களில் ஒன்றுக்கும் கொல்லி என்றே பெயர்.

ஓரியின் காலத்துக்குப் பல நூறு ஆண்டுகள் கழித்து, 7-ஆம் நூற்றாண்டில், கொல்லி மழவன் என்று ஒரு தலைவன் இருந்தான். அவனுடைய மகள் நோயில் விழுந்தாள். அவளைப் பாட்டுப் பாடியே எழுப்பினார் ஒரு சிறு பிள்ளை என்கிறது பெரியபுராணம்.

யார் அந்தப் பிள்ளை? அவர்தான் திருஞானசம்பந்தர்.

குளக்கரையில் பிறந்த பாட்டு

சம்பந்தர் பிறந்த ஊர் சீர்காழி. தந்தை சிவபாத இருதயர். தாய் பகவதியார். அவருடைய கதையை 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடி வைத்தார்.

அப்பொழுது குழந்தைக்கு 3 வயது. தந்தை நீராடக் கோவில் குளத்துக்குப் போனார். குழந்தையும் பின்னாலேயே போனது. தந்தை நீரில் மூழ்கினார். அப்பாவைக் காணோமே என்று கரையில் இருந்த குழந்தை அழுதது. உமையம்மை வந்து கிண்ணத்தில் பால் ஊட்டினாள். தந்தை எழுந்து வந்து பார்த்தார். குழந்தையின் கடைவாயில் பால். கொடுத்தது யார் என்று கோபமாகக் கேட்டார். குழந்தை கோவிலைக் காட்டிப் பாட ஆரம்பித்தது.

தங்கத் தாளம்

பிறகு, சீர்காழியை அடுத்த திருக்கோலக்காவுக்குக் குழந்தை போனது. அங்கே பிஞ்சுக் கைகளைத் தட்டித் தட்டிப் பாடியது.

கை சிவந்துவிடுமே என்று இறைவனுக்கே மனம் பொறுக்கவில்லையாம். பொன்னால் செய்த தாளங்களைக் கொடுத்தார். தாளத்துக்கு ஓசை கொடுத்தவள் அம்மை என்பது அந்த ஊர்க் கதை. ஓசை கொடுத்த நாயகி என்பதே அங்கே அம்மனின் பெயர். பேச்சு வராத பிள்ளைகளைப் பெற்றோர் இன்றும் அங்கே அழைத்து வருகிறார்கள்.

தாய்மார்கள் இந்தக் கதையின் வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் வந்தது கை தட்டு. கருவி பிறகுதான் வந்தது. குழந்தைக்குச் சங்கீதம் சொல்லிக் கொடுக்க எண்ணுகிறவர்களும் கையில்தான் தொடங்க வேண்டும்.

அதற்கு ஒரு விளையாட்டு இருக்கிறது. தொடையில் ஒரு தட்டு. பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல் என்று வரிசையாக எண்ண வேண்டும். மறுபடி ஒரு தட்டு, கையை ஒரு திருப்பு. இன்னும் ஒரு தட்டு, ஒரு திருப்பு. மொத்தம் 8 எண்ணிக்கை. இதுதான் ஆதி தாளம். தெரிந்த பாட்டைப் பாடிக்கொண்டே இதைச் செய்தால் குழந்தைக்குக் களைப்பே தெரியாது.

யாழ் தூக்கிய துணைவர்

சம்பந்தரின் புகழ் பரவியது. எருக்கத்தம்புலியூரிலிருந்து திருநீலகண்ட யாழ்ப்பாணர் தேடி வந்தார். மனைவி மதங்கசூளாமணியும் உடன் வந்தார். சம்பந்தர் பாடும் பாட்டை யாழில் வாசிக்க அனுமதி கேட்டார் பாணர். அன்று முதல் இருவரும் பிரியவில்லை.

பாணர்களைத் தாழ்ந்த குலம் என்று ஒதுக்கிய காலம் அது. சாத்தமங்கையில் நீலநக்கர் என்ற வேதியர் வீட்டில் சம்பந்தர் தங்கினார். பாணருக்கும் அவர் மனைவிக்கும் அங்கேயே இடம் கொடுக்கச் சொன்னார். வேள்வித் தீ வளர்க்கும் இடத்தின் அருகிலேயே நீலநக்கர் இடம் கொடுத்தார். தீ அணையவில்லை. முன்னைவிட நன்றாக எரிந்தது என்கிறார் சேக்கிழார்.

கொல்லி மழவன் மகள்

ஊர் ஊராகப் பாடிக்கொண்டு போன சம்பந்தர், திருப்பாச்சிலாச்சிராமத்துக்கு வந்தார். திருச்சிக்கு அருகே உள்ள திருவாசிதான் அந்த ஊர்.

கொல்லி மழவனின் மகளுக்கு முயலகன் என்ற நோய். எத்தனையோ வைத்தியம் பார்த்தார்கள். குணமாகவில்லை. கடைசியில் பெண்ணைக் கோவிலில் கொண்டு வந்து போட்டான் தகப்பன். சம்பந்தர் வருகிறார் என்று கேட்டதும் ஓடிப்போய்க் காலில் விழுந்தான்.

கிடந்த பெண்ணைப் பார்த்தார் சம்பந்தர். இந்தப் பெண்ணை இப்படி வாட விடலாமா என்று இறைவனையே கேட்டுப் பாடினார். பாட்டு முடிந்தது. பெண் எழுந்தாள். நடந்து வந்து தகப்பன் பக்கத்தில் நின்றாள்.

அங்கிருந்து கொங்கு நாட்டுக்குப் போனார். திருச்செங்கோட்டில் அடியார்கள் குளிர் காய்ச்சலால் நடுங்கினார்கள். அங்கேயும் பாடினார். காய்ச்சல் விலகியது என்பது வரலாறு.

இன்று நோய் வந்தால் மருத்துவரிடம்தான் போக வேண்டும். ஆனால் தாயின் பாட்டுக் கேட்டு அழுகையை நிறுத்தாத குழந்தை உண்டா? கொல்லிப் பண்ணிலும் சம்பந்தர் பாடியிருக்கிறார். ஓதுவார்கள் இப்பொழுது அந்தப் பண்ணை நவரோஜ் ராகத்தில் பாடுகிறார்கள். தாலாட்டுக்கு ஏற்ற ராகம் அது.

ஏறி இறங்கும் விளையாட்டு

சம்பந்தர் சொல்லை வைத்து விளையாடவும் செய்தார். தொடக்கத்திலிருந்து படித்தாலும் கடைசியிலிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் பாட்டு ஒன்று உண்டு. அதற்கு மாலைமாற்று என்று பெயர். இன்னொன்று எழுகூற்றிருக்கை. எண்கள் ஒன்றில் தொடங்கி, படிப்படியாக ஏறி, ஏறிய வழியே இறங்கும். இப்படி 7 வரை போகும்.

ஸ்வரங்களும் 7 தானே! வாசற்படியில் குழந்தையை நிறுத்துங்கள். படிக்கு ஒரு ஸ்வரம். முதலில் ச. பிறகு ச ரி ச. பிறகு ச ரி க ரி ச. ஏறும்போது குரல் ஏறட்டும். இறங்கும்போது குரல் இறங்கட்டும். ஸ்வரம் என்றால் என்ன என்று காலே சொல்லிவிடும்.

இதற்குப் பிறகு சரளி வரிசை எளிதாக வரும். இந்தப் பாட முறையை 16-ஆம் நூற்றாண்டில் வகுத்துத் தந்தவர் புரந்தரதாசர் என்பது வித்வான்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி.

பண்ணைக் காத்த பெண்

16-ஆம் வயதில் சம்பந்தருக்குத் திருமணம். ஊர் திருநல்லூர்ப் பெருமணம். இப்பொழுது ஆச்சாள்புரம் என்கிறார்கள். கோவிலில் தோன்றிய பேரொளியில் மணமகளோடும் வந்திருந்த அனைவரோடும் அவர் கலந்தார். பாணரும் மனைவியும் கூடவே கலந்தார்கள்.

பாட்டுகள் என்ன ஆயின? ஏடுகள் சிதம்பரம் கோவிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன. பலவற்றைக் கரையான் தின்றது. எஞ்சியதைச் சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டார்கள். சம்பந்தர் பாடியவற்றில் கிடைத்தவை 384 பதிகங்கள்.

சொல் கிடைத்தது. பண் கிடைக்கவில்லை. ஏட்டில் இசை எப்படி இருக்கும்? எருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண் இருந்தாள். அவளை அழைத்து வந்து பண்களை அமைத்தார்கள் என்கிறது திருமுறைகண்ட புராணம்.

கரையான் தின்ன முடியாத இடத்தில் இருந்தது அந்த இசை. பெற்றவர் பாட, பிள்ளை கேட்டு, பிள்ளை பாட, பேத்தி கேட்டு வந்த இசை அது. நம் வீட்டுக் குழந்தை சாப்பாட்டுத் தட்டில் தாளம் போட்டால் அதட்ட வேண்டாம். கூடச் சேர்ந்து ஒரு தட்டு தட்டுவோம்.