கறுப்புத் திரைக்குள் ஒரு பிரெஞ்சுக்காரர்... யார் இந்த எமில் போதோ?

துய்மா வீதி, ரோமன் ரோலண்ட் வீதி என பிரெஞ்சுப் பெயர்கள் புதுச்சேரிக்காரங்களுக்குப் புதுசு இல்ல. ஆனா, இங்க கம்ப்யூட்டர் படிக்கிற பசங்க லேப்டாப்பிலும் ஒரு பிரெஞ்சுக்காரர் இருக்கார் தெரியுமா? லினக்ஸ் டெர்மினலில் ‘எஸ்டிடிஒய்’ என டைப் செய்தால், பெரும்பாலும் வேகம் 38400 பாட் என்று காட்டும். அந்த ‘பாட்’ எமில் போதோவின் பெயரிலிருந்து வந்தது.

1845-ல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஆரம்பப் பள்ளியோடு படிப்பு முடிஞ்சது. 1869-ல் தந்தித் துறையில் பயிற்சி ஆபரேட்டரானார். செய்திகளுக்கு நடுவே கம்பி சும்மா கிடப்பது அவரை உறுத்தியது. எழுத்துக்கு ஐந்தே சிக்னல், மொத்தம் 32 சேர்க்கை, ஒரே கம்பியில் பல ஆபரேட்டர்கள். இதற்கு 1874-ல் காப்புரிமை வாங்கினார்.

இடது கைக்கு 2 கட்டை, வலது கைக்கு 3. உங்க முறை வந்ததும் மெஷின் ‘டக்’ எனச் சத்தம் போடும், அதோடு தாளம் தப்பாமல் அழுத்தணும். இன்னைக்கு டெர்மினல் கர்சர் கண் சிமிட்டி நம்ம பதிலுக்குக் காத்திருக்கே, அதுக்குத் தாத்தா இது!

1878 பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம். ஆனா, ஆராய்ச்சிக்குத் துறை பெரிதாகக் கைகொடுக்கல. அந்தப் பதக்கத்தையே விற்கும் நிலை. இதற்கிடையே, யோசனை தன்னுடையது என மிமோ என்பவர் வழக்குப் போட, முதல் தீர்ப்பு போதோவுக்கு எதிராகப் போய், பின்னர் ரத்தானது. 1890-ல் திருமணம். மூன்றே மாதத்தில் மனைவி இறந்தார். 1903 மார்ச் 28-ல் போதோவும் மறைந்தார்.

அவர் வழியில் வளர்ந்ததுதான் டெலிடைப் மெஷின். 1969-ல் உருவான யூனிக்ஸ், இதை வைத்தே மனிதரோடு பேசியது. டெலிடைப்பின் சுருக்கமே ‘டிடிஒய்’.

1973-ல் பைப் வந்தது. ஒரு புரோகிராமின் வெளியீடு நேராக இன்னொன்றுக்குள் போகும். அதனால், எதிரில் இருப்பது மனிதரா பைப்பா என்று பல புரோகிராம்கள் முதலில் விசாரிக்கும். டெர்மினல் என்றால் வரிக்கு வரி உடனே காட்டும். பைப் என்றால் மொத்தமாகச் சேர்த்துத்தான் அனுப்பும். ‘எல்எஸ்’ கூட திரையில் பத்தி பத்தியாகக் காட்டுவதை, பைப்பில் வரிக்கு ஒன்றாகத் தரும். நாம எழுதிய புரோகிராம் பைப்பில் போட்டதும் கேள்வியே கேட்காமல் உறைஞ்சு நிற்பதும் பல நேரம் இதனால்தான்.

சந்தேகமா? எஸ்டிடிஒய்-யின் உள்ளீட்டைப் பைப் வழியாகக் கொடுத்துப் பாருங்க. டெர்மினல் இல்லைன்னு பிழைச் செய்திதான் வரும், போதோ பெயர் வராது.