யார் இந்த ஆரோன் ஸ்வார்ட்ஸ்? - 14 வயதில் ஆர்.எஸ்.எஸ் ஃபீடு உருவாக்கத்தில் பங்கேற்றவரின் கதை!

மொபைலைத் திறந்தால் அடுத்து எந்தப் பதிவு நம் கண்ணில் பட வேண்டும் என்பதை இப்போதெல்லாம் ஆப்தான் முடிவு செய்கிறது. நமக்குப் பிடித்த தளங்களை நாமே தேர்ந்தெடுத்து, அவற்றில் புதிதாக வருவதை மட்டும் ஒரே இடத்தில் படிக்கும் வசதி 25 வருடங்களுக்கு முன்பே வந்துவிட்டது. அதன் பெயர் ஆர்.எஸ்.எஸ் ஃபீடு. (பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அந்த அமைப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை!) இதை வடிவமைத்த குழுவில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஒரு பையனும் இருந்தார். அவர்தான் ஆரோன் ஸ்வார்ட்ஸ்.

அதென்ன ஆர்.எஸ்.எஸ் ஃபீடு?

ஒரு இணையதளம் புதிதாக என்ன வெளியிட்டாலும் அதன் தலைப்பு, லிங்க், சுருக்கம் ஆகியவற்றை ஒரு சின்ன ஃபைலில் எழுதி வைக்கும். இதுதான் ஃபீடு. நம்மிடம் உள்ள ஃபீடு ரீடர் ஆப் அந்த ஃபைலை அவ்வப்போது எட்டிப்பார்த்து, புதிதாக ஏதும் இருந்தால் எடுத்து வந்து வரிசையாகக் காட்டும். 50 தளங்களைப் பின்தொடர்ந்தாலும் 50 முறை அலைய வேண்டியதில்லை. எதற்கு அதிக லைக் விழுந்தது என்ற கணக்கும் இங்கே கிடையாது.

1999-ல் நெட்ஸ்கேப் நிறுவனம் இதன் முதல் வடிவத்தைக் கொண்டுவந்தது. அடுத்து 1.0 பதிப்பை உருவாக்க ஒரு குழு ஆன்லைனில் கூடி விவாதித்தது. 1986 நவம்பரில் பிறந்து, சிகாகோ அருகே வளர்ந்த ஆரோனும் அதில் ஒருவர். நேரில் சந்திக்கக் கூப்பிட்டபோது, அம்மா விடமாட்டார் என்று பதில் வந்த பிறகுதான் அவர் வயதே மற்றவர்களுக்குத் தெரிந்தது என்று பின்னாளில் சொல்வார்கள். 2000 டிசம்பரில் 1.0 வெளியானபோது அவருக்கு வயது 14.

அதற்குப் பிறகு?

படைப்புகளைச் சட்டப்படி பகிர உதவும் கிரியேட்டிவ் காமன்ஸின் தொழில்நுட்பக் கட்டமைப்பில் வேலை செய்தார். ஃபீடில் வருவதை மெயிலுக்கே அனுப்பும் ஒரு புரோகிராமை எழுதினார். ஸ்டான்ஃபோர்டில் சேர்ந்து ஒரே வருடத்தில் வெளியேறினார். 2005-ல் அவர் தொடங்கிய நிறுவனம் ரெடிட்டுடன் இணைந்தது. 2006-ல் ரெடிட்டை காண்டே நாஸ்ட் வாங்கியதும் 19 வயதில் கையில் பணம் வந்தது. ஆனால், ஆபீஸ் வாழ்க்கை ஒத்துவரவில்லை. சில மாதங்களில் வேலை போனது.

அதன்பின் அவர் கவனமெல்லாம் ஒரே கேள்வியில் நின்றது: பொதுமக்களுக்குச் சேர வேண்டிய தகவலுக்கு ஏன் பூட்டு? அமெரிக்க நீதிமன்ற ஆவணங்களை ஆன்லைனில் படிக்க அப்போது ஒரு பக்கத்துக்கு 8 சென்ட் கட்ட வேண்டும். சில நூலகங்களில் சோதனை முறையில் தந்த இலவச வசதியைப் பயன்படுத்தி, 2008-ல் லட்சக்கணக்கான ஆவணங்களை டவுன்லோடு செய்து பொதுவெளிக்குக் கொண்டுவர உதவினார். எஃப்.பி.ஐ விசாரித்தது; வழக்கு போடவில்லை.

சிக்கல் எங்கே தொடங்கியது?

2010 இறுதியில் எம்.ஐ.டி பல்கலைக்கழக நெட்வொர்க் வழியாக, ஜேஸ்டோர் என்ற கட்டண ஆய்விதழ்க் களஞ்சியத்திலிருந்து லட்சக்கணக்கான கட்டுரைகளை டவுன்லோடு செய்தார். 2011 ஜனவரியில் கைது. டவுன்லோடு செய்ததை ஆரோன் ஒப்படைத்துவிட, ஜேஸ்டோர் பிரச்னையை முடித்துக்கொண்டது. அரசு வழக்கறிஞர்கள் விடவில்லை. அவர்கள் பார்வையில் இது திருட்டு. ஆதரவாளர்கள் பார்வையில், நூலகத்தில் அளவுக்கு மீறிப் புத்தகம் எடுத்ததற்கு நிகரான விதிமீறல். 2012 செப்டம்பரில் குற்றச்சாட்டுகள் 13 ஆக உயர்ந்தன. எல்லாம் நிரூபணமானால் பல பத்தாண்டுகள் சிறையில் கழியலாம் என்ற நிலை.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, இணையத் தணிக்கைக்கு வழிவகுக்கும் என்று அஞ்சப்பட்ட சோபா மசோதாவுக்கு எதிரான போராட்டத்தில் முன்னணியில் நின்றார். 2012 ஜனவரி 18 அன்று ஆங்கில விக்கிபீடியா உட்படப் பல தளங்கள் எதிர்ப்பு தெரிவித்து இருளில் மூழ்கின. மசோதா கிடப்பில் போனது.

சொந்த வழக்கில் விடிவு வரவில்லை. விசாரணை தொடங்கும் முன்பே, 2013 ஜனவரி 11 அன்று நியூயார்க்கில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 26. மூன்று நாள்களில் வழக்கு கைவிடப்பட்டது. அதே ஆண்டு இணையத்தின் புகழ்க்கூடத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

இப்போது ஃபீடு இருக்கிறதா?

2013 ஜூலையில் கூகுள் ரீடர் மூடப்பட்டபோது ஆர்.எஸ்.எஸ் கதை முடிந்தது என்றார்கள். முடியவில்லை. பாட்காஸ்ட் ஆப்களுக்குப் புது எபிசோடு வந்து சேர்வது பெரும்பாலும் ஆர்.எஸ்.எஸ்-ஸின் 2.0 பதிப்பு வழியாகத்தான். ஃபீட்லி, இனோரீடர் போன்ற ஆப்களில் பிடித்த தளத்தின் முகவரியைக் கொடுத்தால் போதும், ஃபீடு இருந்தால் அவையே கண்டுபிடித்துவிடும்.

ஏஐ பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமா? ஆர்க்கைவ் தளத்தில் வரும் புது ஆய்வுக் கட்டுரைகளுக்கு துறைவாரியாக ஃபீடு உண்டு. அந்தத் தளம் ஆரோனுக்கு முன்பே, 1991-ல் தொடங்கியது. ஆனால், அவர் கேட்ட இரண்டுமே அங்கே கிடைக்கின்றன: கட்டுரையைப் படிக்கக் காசு கேட்க மாட்டார்கள், அடுத்து எதைப் படிப்பது என்பதையும் நாமே முடிவு செய்யலாம்.