குழாய்க்குள் வண்ணம் கண்டவர்

கோதுமை மாவை அமிலத்தில் காய்ச்சினால் அதிலுள்ள புரதம் அமினோ அமிலங்களாக உடையும். அந்தக் கரைசலை 'காலம்' என்ற குழாய் வழியே ஓடவிட்டால் ஒவ்வொன்றும் தனித்தனி நேரத்தில் வெளியே வரும். லைசின் எவ்வளவு, குளுட்டாமிக் அமிலம் எவ்வளவு என்று அளந்துவிடலாம். இந்தக் குழாய் வித்தைக்கு வழி போட்டவர் மிகயீல் ஸ்வெட்.

1872-ல் இத்தாலியின் அஸ்தி நகரில் பிறந்தார். அப்பா ரஷ்யர், அம்மா இத்தாலியர். பிறந்த கொஞ்ச நாளிலேயே அம்மா போய்விட்டார். ஜெனீவாவில் படித்து 1896-ல் டாக்டர் பட்டம் வாங்கி ரஷ்யா போனால், அங்கே அந்தப் பட்டம் செல்லாதுன்னுட்டாங்க! மனுஷன் மறுபடி படித்து, 1901-ல் கசானில் ரஷ்யப் பட்டம் பெற்றார்.

பிறகு வார்சாவில் வேலை. கண்ணாடிக் குழாயில் கால்சியம் கார்பனேட் தூளை அடைத்து இலைச் சாற்றை ஊற்றினார். பச்சையும் மஞ்சளுமாக வளையங்கள் பிரிந்தன! 1906-ல் அதற்குக் குரோமட்டோகிராபி என்று பெயர் வைத்தார். பெரிய வேதியியல் அறிஞர்கள் நம்பவில்லை. 1919-ல் வாரொனேஷ் நகரில் 47 வயதில் மறைந்தார்.

1931-ல் ஹைடல்பெர்க் ஆய்வாளர்கள் அவர் முறையைத் தூசி தட்டி எடுத்தார்கள். 1941-ல் மார்ட்டினும் சிங்கும் அதே வழியில் போய் அமினோ அமிலங்களைப் பிரித்தார்கள். 1952-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

ஸ்வெட் என்றால் ரஷ்ய மொழியில் வண்ணம். பட்டம் செல்லாதுன்னு சொன்னாங்க. அவர் வேலை செல்லுபடியாச்சு. லேபில் பியூரெட்டைப் பிடிக்கும்போது அவரை ஒரு நிமிஷம் நினைப்போமா?