பெஞ்சமின் பிராங்கிளின் கண்ட சீர்தூக்கு முறை

உலகியலில் மாந்தர் எய்தும் இடர்ப்பாடுகளுள், இரு வழிகள் எதிர்ப்பட, எவ்வழிச் செல்வது எனத் தெளியாது மயங்கி நிற்றலும் ஒன்றாம். இன்று ஒரு காரணம் உள்ளத்தை முழுதும் ஆட்கொள்கின்றது. நாளை அதற்கு மாறாகிய பிறிதொன்று தலையெடுக்க, முன்னையது மறைந்தொழிகின்றது. இம்மயக்கத்தை நீக்குதற்கு எளியதொரு வழி வகுத்தவர் பெஞ்சமின் பிராங்கிளின் என்னும் பெரியார். மின்னலின் இயல்பை ஆராய்ந்தவராகவும், அமெரிக்க விடுதலைக்கு உழைத்தவராகவும் அவரை யாவரும் அறிவர். அவர் கண்ட சீர்தூக்கு முறையினையும், அஃது அவர்தம் வாழ்க்கையால் விளங்கும் திறத்தினையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பிராங்கிளின் 1706-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 17-ஆம் நாள் போஸ்டன் நகரிற் பிறந்தார். தந்தையார் சவுக்காரமும் மெழுகுவர்த்தியும் செய்து விற்பவர். அவர்தம் மக்கள் பதினெழுவருள் இவர் பதினைந்தாமவர். பொருள் முட்டுப்பாட்டால் இவரது பள்ளிக் கல்வி பத்தாம் வயதளவில் முடிந்தது. பன்னிரண்டாம் வயதில் தமையனாரிடம் அச்சுத் தொழில் பயிலச் சேர்ந்தார். 1723-இல் அவரைப் பிரிந்து பிலடெல்பியா நகர் சென்று, நாளடைவில் தம் முயற்சியாலேயே அச்சுக்கூடமும் செய்தித்தாளும் உடையவராயினார்.

எதனையும் தாளில் வரைந்து கணக்கிடுதல் அவர்க்கு இயல்பாய் அமைந்த பழக்கம். நல்லொழுக்கங்கள் பதின்மூன்றினைத் தேர்ந்து, சிறு புத்தகம் ஒன்றில் கிழமைகள் ஏழிற்கும் கட்டங்கள் வகுத்து, எந்நாளில் எவ்வொழுக்கம் தவறிற்றோ அந்நாட் கட்டத்தில் கரும்புள்ளி இட்டு வந்தார். ஒழுக்கத்தையே கணக்கில் வைத்தவர், ஐயத்தையும் கணக்கில் வைக்கத் துணிந்தது வியப்பன்று.

1772-ஆம் ஆண்டில் அவர் குடியேற்ற நாடுகளின் பிரதிநிதியாய் இலண்டனில் வாழ்ந்து வந்தார். அவர் நண்பர் ஜோசப் பிரீஸ்ட்லி என்பார் லீட்ஸ் நகரில் போதகர். இயற்கை ஆராய்ச்சியிலும் ஈடுபட்டவர். ஆண்டுக்கு 100 கினியும் குடியிருக்க வீடும் பெற்று, சபையாரின் அன்புக்குரியராய் விளங்கினார். ஷெல்பர்ன் பிரபு, தம் நூலகத்தைப் பேணவும் தமக்கு அறிவுத்துணையாய் இருக்கவும் அவரை அழைத்தார். செல்வதோ, நிற்பதோ எனத் துணியமாட்டாத பிரீஸ்ட்லி பிராங்கிளினை வினவினார்.

செப்டம்பர்த் திங்கள் 19-ஆம் நாள் பிராங்கிளின் விடை வரைந்தார். செய்திகள் முற்றும் அறியாமையால் எதனைத் துணிவது எனத் தம்மாற் கூறல் இயலாதென்றும், எங்ஙனம் துணிவது என்பதனை மட்டும் கூறலாகும் என்றும் அறிவித்தார். அம்முறையாவது: ஒரு தாளின் நடுவே கோடிட்டு, ஒருபால் சார்பான காரணங்களையும் மறுபால் மாறான காரணங்களையும் மூன்று நான்கு நாளளவும் தோன்றுந்தோறும் எழுதுக. பின்னர் ஒவ்வொன்றின் நிறையையும் மதிப்பிடுக. ஒருபுறத்து ஒன்றும் மறுபுறத்து ஒன்றும் ஒத்த நிறையினவாயின் இரண்டையும் அடித்துவிடுக. ஒன்று எதிர்ப்புறத்து இரண்டினை ஒக்குமாயின் மூன்றனையும் அடித்துவிடுக. எஞ்சி நிற்பது எப்புறம் எனக் காண்க. மேலும் ஓரிரு நாள் எண்ணியும் புதிய காரணம் தோன்றாதாயின், அப்புறமே துணிக. இதற்கு அவர் இட்ட பெயர் ஒழுக்க இயற்கணிதம் என்பதாம். காரணங்களின் நிறையை எண்களைப்போல் நுட்பமாக அளத்தல் இயலாதென்பதை அவரும் உணர்ந்தே இருந்தார். ஆயினும் எல்லாவற்றையும் ஒருங்கே கண்முன் வைத்தால் அவசர முடிவு குறையும் என்பதே அவர் கருத்து.

பிரீஸ்ட்லி அழைப்பை ஏற்றார். 1773-இல் ஆண்டுக்கு 250 பவுன் ஊதியத்தில் பிரபுவிடம் சேர்ந்தார். 1774-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் முதல் நாள் அப்பிரபுவின் மாளிகையிலேதான், பாதரசச் செந்தூள்மேல் கண்ணாடிவில்லையால் ஞாயிற்றின் வெப்பத்தைக் குவித்து, பின்னர் ஆக்சிஜன் எனப் பெயர்பெற்ற வளியைப் பிரித்தெடுத்தார்.

இனி, இம்முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. அதனைப் பிராங்கிளினின் வாழ்க்கையே காட்டுகின்றது. நீதியைத் தம் பதின்மூன்று ஒழுக்கங்களுள் ஒன்றாக எழுதிவைத்த அவரே, பல்லாண்டுகள் தம் இல்லத்தில் அடிமைகளை வைத்திருந்தார். அடிமை விற்பனை விளம்பரங்களைத் தம் செய்தித்தாளில் அச்சிட்டுப் பொருளும் பெற்றார். விற்கப்பட்டோர் துயரம் அந்நாளில் அவர் தாளின் எப்புறத்தும் இடம் பெறவில்லை போலும். தாளில் ஏறாத காரணத்தைத் தராசு எங்ஙனம் நிறுக்கும்? முதுமையில் அந்நிறையை அவர் உணர்ந்தார். 1787-இல் பென்சில்வேனிய அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். 1790 பிப்ரவரியில், நோயுற்றுத் தளர்ந்திருந்த நிலையிலும், அடிமை முறையை நீக்குமாறு அமெரிக்கப் பேரவைக்கு விண்ணப்பம் கையொப்பமிட்டு விடுத்தார். பேரவை அதற்கு இசைந்திலது. ஏப்ரல் 17-ஆம் நாள், 84-ஆம் வயதில் அவர் இயற்கை எய்தினார்.

அவர் தாளின் வழித்தோன்றல்கள் இக்காலத்துப் பெருகியுள்ளன. இரண்டன்றிப் பல வழிகள் இருப்பின், செலவு, பயன், காலம், தீங்கு என அளவைகள் பல வகுத்து, ஒவ்வோர் அளவைக்கும் நிறை குறித்து, ஒவ்வொரு வழிக்கும் அவற்றில் மதிப்பெண் இட்டு, நிறையாற் பெருக்கிக் கூட்டி வரிசைப்படுத்துவர். 1970-களில் தாமஸ் சாட்டி என்னும் கணித அறிஞர், அளவைகளை இரண்டிரண்டாய் ஒப்பிட்டு நிறை காணும் முறையொன்றை அமைத்தார். கணக்கு நுட்பமாயிற்று, ஆயினும் எவ்வளவைகள் ஏற்கப்படும், எதற்கு எத்துணை நிறை என்பனவற்றை வகுப்பது இன்றும் மனிதன் உள்ளமே.

கல்வி, தொழில், இல்லறம் என வழிகள் பலவற்றின் தலைப்பில் நிற்கும் மாணவராகிய நாம் இப்பெரியார்பாற் கொள்ளத்தக்கன இரண்டு. ஒன்று, காரணங்களை ஒருங்கு வைத்து, நாள் கொடுத்து, ஆராய்ந்து துணிதல். மற்றொன்று, கோலைத் தூக்குமுன், யாருடைய நன்மை தீமை நம் தாளில் இன்னும் எழுதப்படவில்லை என வினவுதல். முன்னதை அவர் 66-ஆம் வயதில் நண்பருக்கு எழுதினார். பின்னதைத் தம் இறுதி நாள்களிற் செய்து காட்டினார். நாம் இரண்டையும் இளமையிலேயே பயில்வோமாக.